கதிர்வீச்சு அளவுகள்: பெக்கரல், ராண்ட்ஜன், கிரே, சீவர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவர்கள், வெல்டிங் சோதிக்க இரிடியம் கேமரா (கதிரியக்க இரிடியத்தால் உலோகத்தை ஊடுருவிப் படம் எடுக்கும் கருவி) இயக்குபவர்கள், சி.டி. ஸ்கேன் அறிக்கையில் உள்ள எண்ணைப் பார்த்துக் கவலைப்படுபவர்கள், இணையத்தில் கைகர் மீட்டர் வாங்கியவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாமே அயனியாக்கும் கதிர்வீச்சைப் பற்றியவை: எக்ஸ் கதிர், காமா, பீட்டா, ஆல்ஃபா, நியூட்ரான். செல்போன் கோபுரமும் மைக்ரோவேவ் அடுப்பும் இந்தக் கணக்கில் வராது.

ஒரே கதிர்வீச்சுக்கு ஏன் இத்தனை அலகுகள்?

அளக்கப்படும் விஷயங்கள் வேறு வேறு. ஒரு கதிரியக்கப் பொருளில் விநாடிக்கு எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன என்பதைச் சொல்வது பெக்கரல். அதன் பழைய அலகு கியூரி. அங்கிருந்து கிளம்பும் எக்ஸ் கதிரோ காமாவோ வழியில் உள்ள காற்றை எவ்வளவு அயனியாக்குகிறது என்பதற்கு ராண்ட்ஜன். ஒரு பொருளில் கிலோவுக்கு எவ்வளவு ஆற்றல் இறங்கியது என்பதற்கு கிரே. பழைய அலகு ராட். அந்த ஆற்றலால் மனித உடம்புக்குப் பின்னாளில் கேடு வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு சீவர்ட். பழைய அலகு ரெம்.

மூலம், காற்று, உடம்பு என்ற இந்த வரிசையில் உங்கள் கையில் இருக்கும் எண் எந்த இடத்தில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். "இத்தனை பெக்கரல் கசிந்தது" என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்கு எவ்வளவு டோஸ் கிடைத்தது என்று சொல்லவே முடியாது. எந்த ஐசோடோப், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், உடம்புக்குள் போனதா வெளியே நின்றதா என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

பழைய அலகிலிருந்து புதியதற்கு மாற்ற மனப்பாடமாக என்ன வைத்துக்கொள்ளலாம்?

1 கியூரி = 37 கிகா பெக்கரல். 1 மில்லி கியூரி = 37 மெகா பெக்கரல்.
1 கிரே = 100 ராட்.
1 சீவர்ட் = 100 ரெம். அதனால் 1 மில்லி ரெம் = 10 மைக்ரோ சீவர்ட்.
1 ராண்ட்ஜன் = ஒரு கிலோ காற்றில் 0.000258 கூலும் மின்னூட்டம்.

பெட் ஸ்கேனுக்கு "10 மில்லி கியூரி எஃப்.டி.ஜி." (ஊசியில் போடும் கதிரியக்கச் சர்க்கரை மருந்து) என்று எழுதியிருந்தால் அது 370 மெகா பெக்கரல். பெரும்பாலான தவறுகள் இந்தப் பெருக்கலில் வருவதில்லை. மில்லியையும் மைக்ரோவையும் மாற்றிப் படிப்பதில்தான் வருகின்றன. தானாக வீச்சு மாற்றிக்கொள்ளும் டிஜிட்டல் மீட்டரில் எண் 0.9 என்றே இருக்கும், பக்கத்தில் உள்ள சின்ன எழுத்து மட்டும் மைக்ரோவிலிருந்து மில்லிக்கு மாறியிருக்கும். ஆயிரம் மடங்கு வித்தியாசம் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. எண்ணைப் பதிவேட்டில் எழுதும்போது அலகையும் முழுசாக எழுதுங்கள்.

ராண்ட்ஜன் பழைய அலகுதானே, இன்னும் ஏன் மீட்டர்களில் இருக்கிறது?

பழைய சர்வே மீட்டர்களும் பேனா போன்ற பாக்கெட் டோசிமீட்டர்களும் அந்த அளவுகோலோடுதான் வந்தன. 0 முதல் 200 மில்லி ராண்ட்ஜன் வரை கோடு போட்ட பேனா டோசிமீட்டர் இன்றும் பல பட்டறைகளில் உண்டு.

இந்த அலகு 1928-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த சர்வதேச கதிரியல் மாநாட்டில் ஏற்கப்பட்டது. அதன் எல்லைகள் குறுகியவை. எக்ஸ் கதிருக்கும் காமாவுக்கும் மட்டும் பொருந்தும். பீட்டா, ஆல்ஃபா, நியூட்ரானுக்குப் பொருந்தாது. அளப்பது காற்றில் மட்டும். 1 ராண்ட்ஜன் பட்ட காற்றில் 8.76 மில்லி கிரே ஆற்றல் இறங்கும். அதே இடத்தில் மென்திசு இருந்தால் சுமார் 9.6 மில்லி கிரே.

வேலைத்தளத்தில் "மணிக்கு 1 மில்லி ராண்ட்ஜன் என்றால் மணிக்கு 10 மைக்ரோ சீவர்ட்" என்று வைத்துக்கொள்வது வழக்கம். சீசியம், கோபால்ட் போன்ற மூலங்களின் காமாவுக்கு அது சரியாகவே இருக்கும். மருத்துவ எக்ஸ்ரேயில் வரும் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சுற்றுவட்டாரத்தில் அதே 1 மில்லி ராண்ட்ஜன் 15 மைக்ரோ சீவர்ட்டை நெருங்கிவிடும். ஆகவே எக்ஸ்ரே அறையின் கசிவை அளப்பவர்கள் பத்தால் பெருக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

கிரேயும் சீவர்ட்டும் ஒன்றுதான் என்கிறார்களே?

எக்ஸ் கதிரும் காமாவும் உடம்பு முழுதும் சமமாகப் படும்போது எண் ஒன்றாக வரும், அவ்வளவுதான். கிரே என்பது இயற்பியல் அளவு: கிலோவுக்கு ஒரு ஜூல். சீவர்ட் அதன்மேல் இரண்டு தடவை எடை போட்டது.

முதல் எடை கதிரின் வகைக்கு. எக்ஸ் கதிர், காமா, பீட்டாவுக்கு 1, புரோட்டானுக்கு 2, ஆல்ஃபாவுக்கு 20, நியூட்ரானுக்கு அதன் ஆற்றலைப் பொறுத்து சுமார் 2.5 முதல் 20 வரை. இரண்டாவது எடை உறுப்புக்கு. சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2007 பரிந்துரையில் நுரையீரல், வயிறு, பெருங்குடல், எலும்பு மஜ்ஜை, மார்பகம் ஆகியவற்றுக்குத் தலா 0.12, இனப்பெருக்கச் சுரப்பிகளுக்கு 0.08, தைராய்டு, கல்லீரல், உணவுக்குழாய், சிறுநீர்ப்பைக்கு 0.04, தோல், மூளை, எலும்பின் மேற்பரப்பு, உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு 0.01, மீதமுள்ள உறுப்புகளுக்குச் சேர்த்து 0.12. மொத்தம் 1.

தைராய்டுக்கு மட்டும் 100 மில்லி கிரே காமா கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டின் அளவில் அது 100 மில்லி சீவர்ட். முழு உடம்புக்கான விளைவு டோஸாக (இரண்டு எடையும் போட்ட சீவர்ட்) மாற்றினால் 100 × 0.04, அதாவது 4 மில்லி சீவர்ட். இரண்டுக்கும் பெயர் சீவர்ட்தான், இரண்டும் சரிதான். எந்த சீவர்ட் என்று எழுதாத அறிக்கையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அதிக டோஸைப் பற்றிப் பேசும்போது சீவர்ட்டை விட்டுவிட்டு கிரேயில்தான் பேச வேண்டும். தோல் சிவப்பது (ஒரே தடவையில் சுமார் 2 கிரேயிலிருந்து), முடி உதிர்வது, மஜ்ஜை செயலிழப்பது எல்லாம் இத்தனை கிரேக்கு மேல் நடக்கும் என்ற உடனடிப் பாதிப்புகள். மேலே சொன்ன எடைகள் புற்றுநோய் வாய்ப்பைக் கணிக்கப் போடப்பட்டவை. தோல் புண்ணுக்கு அவை பொருந்தாது.

4 கிரே உயிருக்கே ஆபத்து என்கிறார்கள். கிலோவுக்கு 4 ஜூல் அவ்வளவு பெரியதா?

வெப்பமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. 70 கிலோ உடம்புக்கு மொத்தம் 280 ஜூல், உடல் சூடு உயர்வது செல்சியஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்த ஆற்றல் பரவலாக இறங்குவதில்லை. ஒவ்வொரு கதிரின் பாதையிலும் செறிவாக இறங்கி டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் முழு உடம்பிலும் 3.5 முதல் 4 கிரே பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இரண்டு மாதத்துக்குள் இறக்கக்கூடும். கதிர் படும்போது சூடோ வலியோ தெரியாது என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

சீவர்ட்டை நேராக அளக்க மீட்டர் உண்டா?

விளைவு டோஸை நேராக அளக்க முடியாது; ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் கருவி வைக்க முடியாதல்லவா. அதனால் அளக்கக்கூடிய மாற்று அளவுகளை வைத்திருக்கிறார்கள். உடம்பில் அணியும் பேட்ஜ் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள டோஸையும் (முழு உடம்புக்கு), 0.07 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள டோஸையும் (தோலுக்கு) கணித்துத் தருகிறது. கையில் பிடிக்கும் சர்வே மீட்டர் அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றால் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் என்ன கிடைக்கும் என்று காட்டுகிறது. இவை பெரும்பாலும் உண்மையான விளைவு டோஸைவிடச் சற்று கூடுதலாகவே காட்டும்படி அமைக்கப்பட்டவை.

இணையத்தில் வாங்கிய கைகர் மீட்டர் நிமிடத்துக்கு இத்தனை எண்ணிக்கை என்று காட்டுகிறது. அதை மைக்ரோ சீவர்ட்டாக எப்படி மாற்றுவது?

குழாய்க்குக் குழாய் மாறும். எஸ்.பி.எம்.-20 என்ற ரஷ்யக் குழாய்க்கு நிமிடத்துக்கு ஓர் எண்ணிக்கை என்றால் மணிக்கு 0.0057 மைக்ரோ சீவர்ட் என்று பெருக்குகிறார்கள். எல்.என்.டி. 7317 என்ற தட்டையான குழாயில் நிமிடத்துக்கு 334 எண்ணிக்கை வந்தால் மணிக்கு 1 மைக்ரோ சீவர்ட். ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போட்டால் விடை இரு மடங்கு தப்பும். இந்த எண்கள் சீசியம்-137 காமாவை வைத்து அளந்தவை. 60 முதல் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா பட்டால், வடிகட்டி உறை இல்லாத குழாய் பல மடங்கு கூட்டிக் காட்டும். பீட்டா பட்டாலோ மைக்ரோ சீவர்ட் என்ற எண்ணுக்கே அர்த்தம் இல்லை. பீட்டா இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை நடுவில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். எண்ணிக்கை சட்டென்று விழுந்தால் முன்பு பார்த்ததில் பெரும்பகுதி பீட்டா.

ஒரு நிமிட அளவை நம்ப வேண்டாம். 40 எண்ணிக்கை வந்தால் அதன் வர்க்கமூலம் ஆறு சொச்சம், அதாவது 16 சதவீத ஏற்ற இறக்கம் இயல்பிலேயே இருக்கும். பத்து நிமிடம் வைத்து 400 எண்ணிக்கை சேர்த்தால் 5 சதவீதமாகக் குறையும். "நேற்று 0.11, இன்று 0.14, ஏதோ கசிகிறது" என்று வரும் பதற்றத்தில் பெரும்பாலானவை இந்த ஏற்ற இறக்கம்தான்.

அதிகக் கதிர்வீச்சில் மீட்டர் பூஜ்யம் காட்டுமா?

காட்டும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கைகர் குழாய் சுமார் 100 மைக்ரோ விநாடி செயலற்று இருக்கும். விநாடிக்கு 5,000 துடிப்பு வர வேண்டிய இடத்தில் 3,333 மட்டுமே எண்ணும். மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இன்னும் கூடினால் குழாய் மீள நேரமே இல்லாமல் அடங்கிவிடும். மலிவான மீட்டர் அப்போது பூஜ்யத்தையோ மிகக் குறைந்த எண்ணையோ காட்டும். ஆபத்தான இடத்தை நெருங்கும்போது மீட்டரை வெளியிலேயே ஆன் செய்து, கையில் எடுத்துக்கொண்டு, எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஏறிக்கொண்டிருந்த எண் திடீரென இறங்கினால் அங்கிருந்து பின்வாங்குங்கள்.

அளவுகோலின் உச்சத்தில் நின்றுவிடுவது இன்னொரு வகை ஆபத்து. 1986 செர்னோபில் விபத்தின் முதல் மணி நேரங்களில் கைக்குக் கிடைத்த கருவிகள் விநாடிக்கு 1,000 மைக்ரோ ராண்ட்ஜனுக்கு மேல் காட்டாதவை. மணிக்கு மாற்றினால் 3.6 ராண்ட்ஜன். கருவியால் காட்ட முடிந்த உச்சத்தையே உண்மை அளவு என்று மேலிடத்துக்குச் சொன்னார்கள். உலைக்கு அருகில் இருந்தது அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. முள் கடைசிக் கோட்டில் நின்றால் "3.6-க்கு மேல், எவ்வளவு என்று தெரியாது" என்றுதான் எழுத வேண்டும்.

இரிடியம் கேமரா இயங்கும்போது ஆட்கள் கிட்டே வராமல் இருக்க எவ்வளவு தூரத்தில் கயிறு கட்டுவது?

திருச்சி வட்டாரத்தில் பாய்லர் வெல்டிங் சோதிக்கும் பட்டறைகளில் அன்றாடம் வரும் கணக்கு இது. ஒரு கியூரி மூலம் ஒரு மீட்டரில் மணிக்கு எத்தனை ராண்ட்ஜன் தருகிறது என்பதை ஆர்.எச்.எம். என்பார்கள். இரிடியம்-192-க்கு ஏறத்தாழ 0.5, சீசியம்-137-க்கு 0.33, கோபால்ட்-60-க்கு 1.3.

20 கியூரி இரிடியம்: 20 × 0.5 = ஒரு மீட்டரில் மணிக்கு 10 ராண்ட்ஜன், சுமார் 100 மில்லி சீவர்ட். ஒரு வருடத்து சராசரி வரம்பான 20 மில்லி சீவர்ட் அங்கே 12 நிமிடத்தில் கிடைத்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் அளவு நான்கில் ஒன்றாகும். 10 மீட்டரில் மணிக்கு 1 மில்லி சீவர்ட். மணிக்கு 10 மைக்ரோ சீவர்ட்டாக இறங்க 100 மீட்டர் போக வேண்டும். மணிக்கு 1 மைக்ரோ சீவர்ட் வேண்டுமானால் சுமார் 316 மீட்டர். கோலிமேட்டர் (கதிரை ஒரே திசையில் மட்டும் விடும் கவசம்) போட்டால் இது வெகுவாகக் குறையும். கணக்குப் போட்டுக் கயிறு கட்டிய பிறகு, மூலம் வெளியே இருக்கும்போது கயிற்றோரம் மீட்டரோடு நடந்து சரிபார்ப்பது கட்டாயம். சுவரிலும் தரையிலும் பட்டுச் சிதறி வருவதைக் கணக்கு காட்டாது.

இரிடியத்தின் அரை ஆயுள் சுமார் 74 நாள். 40 கியூரியாக வந்தது இரண்டரை மாதத்தில் 20, ஐந்து மாதத்தில் 10. கேமராமேல் ஒட்டியிருக்கும் பழைய அட்டவணையை வைத்து வேலை செய்தால் ஃபிலிம் வெளுத்துப் போகும், அவ்வளவுதான். புது மூலம் மாற்றிய அன்று பழைய அட்டவணையே இருந்தால்தான் விபரீதம்: கயிறு பாதித் தூரத்தில் நிற்கும்.

இதே 20 கியூரி ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் மணிக்கு சுமார் 1,000 கிரே தரும். நிமிடத்துக்குப் பதினாறு, பதினேழு கிரே. கேபிளிலிருந்து கழன்று விழுந்த மூலம் பேனா ரீஃபில் துண்டு மாதிரி கிடக்கும். அதைப் பத்து விநாடி விரல்களில் பிடித்தாலே தோல் புண்ணாகும் அளவு டோஸ் இறங்கிவிடும், பல நாள் கழித்துத்தான் கொப்புளம் தெரியும். மூலத்தை வெளியே தள்ளவும் உள்ளே இழுக்கவும் சுற்றும் கிராங்க் கைப்பிடி முழுசாகச் சுற்றிவிட்டது என்பது மூலம் உள்ளே வந்துவிட்டதற்கு அத்தாட்சி ஆகாது. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் மீட்டரைக் கேமராவின்மேலும் கைடு டியூப் (மூலம் போய்வரும் குழாய்) நெடுகிலும் காட்டிப் பார்த்த பிறகே கிட்டே போங்கள்.

சி.டி. அறிக்கையில் சீவர்ட் இல்லை, டி.எல்.பி. என்று இருக்கிறது. என்ன செய்வது?

சி.டி.டி.ஐ. (மில்லி கிரே) என்பது 16 அல்லது 32 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் உருளையில் அளந்த சராசரி. அது உங்கள் உடம்பின் டோஸ் அல்ல. ஒல்லியானவர் உண்மையில் அதைவிடக் கூடுதலாக வாங்கியிருப்பார். அதை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கினால் டி.எல்.பி. பெரியவர்களுக்கு மார்புக்கு 0.014, வயிற்றுக்கு 0.015, தலைக்கு 0.0021 என்று பெருக்கினால் தோராய மில்லி சீவர்ட் கிடைக்கும். மார்பு டி.எல்.பி. 500 என்றால் 7 மில்லி சீவர்ட். குழந்தைகளுக்கு இந்தப் பெருக்கல் எண்கள் பொருந்தா. வயது குறையக் குறைய எண் கூடும்.

மார்பு எக்ஸ்ரே ஒன்று 0.1 மில்லி சீவர்ட்டுக்கும் கீழே. உலக சராசரி இயற்கைக் கதிர்வீச்சு வருடத்துக்கு 2.4. மருத்துவர் காரணத்தோடு எழுதிய ஸ்கேனை இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து தவிர்க்காதீர்கள். அதே ஸ்கேனை இன்னொரு ஆஸ்பத்திரியில் திரும்ப எடுக்கச் சொன்னால், பழைய ஸ்கேன் படங்களைக் கொடுத்து "இது போதாதா" என்று தாராளமாகக் கேளுங்கள்.

டி.எல்.டி. பேட்ஜில் (கதிர்வீச்சுத் தொழிலாளி அணியும் டோஸ் அட்டை) தவறான எண் வருவது எதனால்?

நம் ஊர் பேட்ஜில் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட் வில்லைகள் மூன்று இருக்கும்: ஒன்று உலோக வடிகட்டிக்குக் கீழ், ஒன்று பிளாஸ்டிக்குக் கீழ், ஒன்று திறந்த துளைக்குக் கீழ். மூன்றின் விகிதத்தை வைத்துத்தான் வந்தது காமாவா, எக்ஸ் கதிரா, பீட்டாவா என்று பிரிக்கிறார்கள். அட்டையைத் தலைகீழாகச் செருகினால் கணக்கு மொத்தமும் குலையும். வில்லையைச் சூடாக்கி ஒளியை எண்ணும்போதே பதிவு அழிந்துவிடும், மறுபடி படித்துப் பார்க்க வழி இல்லை.

ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பு உயரத்தில் அணிய வேண்டும். ஏப்ரனுக்கு வெளியே மாட்டினால் உங்களுக்குக் கிடைக்காத டோஸும் பதியும். ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு: விசாரணைக் கடிதம் வரும், ஆனால் ஆளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கன்ட்ரோல் பேட்ஜை (யாரும் அணியாமல், இயற்கைக் கதிர்வீச்சை மட்டும் பதிய வைப்பது) எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் வைத்தால் இதற்கு நேர்மாறு: அதன் எண் எல்லோருடைய கணக்கிலிருந்தும் கழிக்கப்படுவதால், உண்மையில் வாங்கிய டோஸ் மறைந்துபோகும். இரண்டாவதுதான் மோசம். உங்களுக்கு நோயாளியாக எக்ஸ்ரே எடுக்கும்போது பேட்ஜைக் கழற்றிவிடுங்கள்.

வரம்பு எவ்வளவு?

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்துள்ளபடி, கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஐந்து வருட சராசரி ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. சர்வதேசப் பரிந்துரை ஒரு வருடத்தில் 50 வரை விடுகிறது, நம்முடையது கறார். கை, கால், தோலுக்கு 500. பொதுமக்களுக்கு 1. இவை வேலையாலும் தொழிற்சாலையாலும் கூடுதலாக வருபவை. இயற்கைக் கதிர்வீச்சும் சொந்த மருத்துவப் பரிசோதனையும் இதில் சேராது. நோயாளிக்கு வரம்பு கிடையாது, எடுக்கக் காரணம் இருக்க வேண்டும்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மீட்டர் ஏன் எகிறுகிறது?

அந்தக் கறுப்பு மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. சாதாரண இடத்தில் மணிக்கு 0.1 முதல் 0.2 மைக்ரோ சீவர்ட் என்றால், கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையிலும் சில இடங்களில் ஒன்றைத் தாண்டும். மணல்மேல் மீட்டரை வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அதில் பீட்டாவும் சேர்ந்து கூட்டிக் காட்டும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடிப்பதே முறை. ஒருவர் வாங்கும் டோஸ், அங்கே எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

உணவில் கிலோவுக்கு 100 பெக்கரல் சீசியம் என்றால் எத்தனை சீவர்ட்?

ஜப்பான் 2012 ஏப்ரல் முதல் பொது உணவுக்கு வைத்த வரம்பு இது. சீசியம்-137-ஐ விழுங்கினால் பெரியவருக்கு ஒரு பெக்கரலுக்கு 0.013 மைக்ரோ சீவர்ட். தினம் ஒரு கிலோ வீதம் வருடம் முழுக்க அந்த வரம்பிலேயே உள்ள உணவைச் சாப்பிட்டால் 36,500 பெக்கரல், சுமார் 0.47 மில்லி சீவர்ட். ஒப்பிட்டுப் பார்க்க: உங்கள் உடம்பிலேயே பொட்டாசியம்-40 சுமார் 4,000 பெக்கரல் எப்போதும் இருக்கிறது, அதனால் வருடத்துக்குச் சுமார் 0.17 மில்லி சீவர்ட். பெருக்கும் எண் ஐசோடோப்புக்கு ஐசோடோப் மாறும், அயோடின்-131-க்கு 0.022. ஆகவே எந்த ஐசோடோப் என்று சொல்லாமல் பெக்கரலை மட்டும் போடும் செய்தியை வைத்து இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது.